கர்னல் புதிது, வைஃபை எங்கே?

கேள்வி: பழைய லேப்டாப்பில் டெபியன் 11 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். கர்னலைப் புதுப்பித்தும் வைஃபை வரவில்லையே, ஏன் ஐயா? – வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: எனக்கும் இதில் இரண்டு இரவு போனதம்மா. கர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி; அதில் இருப்பது வைஃபை சிப்போடு பேசும் நிரலான டிரைவர் மட்டும்தான். வைஃபை சிப்புக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர் தனிக் கோப்பு; கர்னல் மூலநிரலில் மிச்சமிருந்த ஃபர்ம்வேர் கோப்புகளையும் 2017இல் 4.14 பதிப்பிலேயே எடுத்துவிட்டார்கள். அதனால் தனிப் பொதியாகத்தான் வரும். போனை யூஎஸ்பி கேபிளில் இணைத்து நெட் எடுங்கள். அப்புறம் டெபியனின் பொதிக் களஞ்சியத்தில் கட்டற்ற உரிமம் இல்லாதவை இருக்கும் 'நான்-ஃப்ரீ' பிரிவைச் சேர்த்து, உங்கள் சிப்புக்கான ஃபர்ம்வேர் பொதியை நிறுவி, மறுபடி பூட் செய்யுங்கள். 2023இல் வந்த டெபியன் 12இல் இந்தச் சிரமம் குறைவு. நிறுவும்போதே ஃபர்ம்வேர் கூட வரும்.

பொதியை நிறுவும்போது நடுவில் கரண்ட் போனாலும் சிப் கெடாது, பயப்படாதீர்கள். அதை மறுபடி நிறுவினால் சரி. லேப்டாப்பைத் தொடக்கிவைக்கும் நிரலான பயாஸைப் புதுப்பிக்கும்போது மட்டும் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும், சார்ஜரும் செருகியிருக்க வேண்டும்.