ஜெர்மனியில் படிக்கப் போகும் மகனுக்கு எந்த மருத்துவக் காப்பீடு எடுப்பது?

அண்ணாச்சி, பாளையங்கோட்டை ஏஜென்ட் சொன்ன மலிவான தனியார் பாலிசியில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். மகனுக்கு 24 வயதுதான் என்கிறீர்கள். முப்பது வயதுக்குள் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர், மாணவர் கட்டணத்திலேயே அங்குள்ள பொதுக் காப்பீட்டில், அதாவது அரசு சட்டப்படி நடக்கும் மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். டெக்னிக்கர், ஆ.ஓ.கா. (AOK), பார்மர் என்ற காப்பீட்டு அமைப்புகள் எல்லாம் அந்த வகைதான். மாதம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். கசக்கத்தான் செய்யும்.

ஆனால் தனியாரைத் தேர்ந்து, பொதுக் காப்பீடு வேண்டாம் என்று விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது. இதை ஏஜென்ட் சொன்னாரா? கேட்டுப் பாருங்கள்.

மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பொதுக் காப்பீட்டில் பழைய நோயைக் காட்டிச் சேர்க்க மறுக்க மாட்டார்கள். டாக்டரிடம் அட்டையை நீட்டினால் போதும். மருந்துக்கு 5 முதல் 10 யூரோ வரை, ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ கைக்காசு. மலிவான தனியார் பாலிசிகள் பலவற்றில் பழைய நோய்க்குப் பணம் வராது. மற்றதற்கும் முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்க வேண்டும்.

போய் இறங்கும் நாளிலிருந்து செமஸ்டர் தொடங்கும்வரை தனியாகப் பயணக் காப்பீடு வேண்டும். அப்புறம், கண்ணாடிச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான். திருநெல்வேலியிலேயே கண்ணைக் காட்டி, இரண்டு கண்ணாடியாகச் செய்து கொடுத்து அனுப்புங்கள்.