ராக் கவர் பேண்டுக்கு எந்த ஆம்ப்? கேட்டதும் சொன்னதும்

கிட்டார் ஆம்ப் (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) வாங்க நினைப்பவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். இத்தனை கேள்வி வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நான் கோலாலம்பூர் செந்தூல்காரன், பகலில் வேறு வேலை, இருபது வருஷத்துக்கு மேலாக வார இறுதிகளில் கவர் பேண்டுகளில், அதாவது பிறர் பாட்டுகளை வாசிக்கும் குழுக்களில், கிட்டார் வாசிக்கிறேன். எந்தக் கடைக்கும் ஏஜெண்ட் இல்லை, அதனால் மனசில் பட்டதை எழுதியிருக்கிறேன்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): அண்ணே, நாங்கள் ஐந்து பேர். ஏசி/டிசி, யூ2, ஸ்கார்ப்பியன்ஸ், மெட்டாலிகா, நடுவில் மலாய்க் கூட்டம் கேட்டால் சர்ச் (Search) என்ற மலாய் ராக் பேண்டின் பாட்டு. இது எல்லாத்துக்கும் ஒரே ஆம்ப் வேண்டும். எது வாங்கலாம்?

பதில்: தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். உங்கள் ட்ரம்மர் எவ்வளவு பலமாக அடிப்பார்? சிரிக்க வேண்டாம், ஆம்ப் தேர்வில் பாதி அதிலேயே முடிந்துவிடும். கடையில் தனியாக உட்கார்ந்து தட்டிப் பார்க்கும்போது இனிக்கிற சத்தம் வேறு, ட்ரம்ஸும் பேஸும் பாட்டும் சேர்ந்த பிறகு மிஞ்சுகிற சத்தம் வேறு.

என் கதையைச் சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன்னால் கிள்ளானில் ஒரு கல்யாண டின்னர். அதற்காக வீட்டில் ஒரு வாரம் உட்கார்ந்து சத்தம் அமைத்தேன்: பேஸ் (கீழ்ச்சத்தம்) எட்டு, ட்ரெபிள் (மேல்சத்தம்) எட்டு, மிட் (நடுச்சத்தம்) இரண்டு. அறைக்குள் கேட்க அவ்வளவு கம்பீரம். மண்டபத்தில் இரண்டாவது பாட்டு, நான் சோலோ எடுத்துக்கொண்டிருக்கிறேன், பாடகர் திரும்பிப் பார்த்து "அண்ணே, கிட்டார் ஆஃப் ஆயிடுச்சா?" என்கிறார். என் கீழ்ச்சத்தத்தை பேஸ் கிட்டார் விழுங்கிவிட்டது, மேல்சத்தத்தை சிம்பல் விழுங்கிவிட்டது. கிட்டாருக்கென்று மிஞ்சுகிற இடம் மிட் மட்டும்தான், அதையும் நானே என் கையால் குறைத்து வைத்திருந்தேன். அன்றிலிருந்து மிட்டை ஆறுக்குக் கீழே இறக்கியதே இல்லை.

இப்போது உங்கள் பட்டியல். யூ2 கிட்டாரிஸ்ட் எட்ஜ் என்றால் வாக்ஸ் ஏசி30, ஏசி/டிசியின் ஆங்கஸ் யங் என்றால் மார்ஷல், மெட்டாலிகாவின் க்ளீன் பகுதிகளுக்கு ரோலண்ட் ஜேசி-120 என்று அசல்காரர்கள் ஆளுக்கொன்று வைத்திருக்கிறார்கள். அத்தனையையும் ஒரே பெட்டியில் அச்சு மாறாமல் எடுக்கலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். கேட்கிறவர்களுக்குப் பாட்டும் தாளமும் ரிஃபும் சரியாக வந்தால் போதும். உங்களுக்குத் தேவை மூன்று சத்தம்: உடையாத, கரகரப்பில்லாத க்ளீன், லேசாகக் கரகரக்கும் க்ரஞ்ச், சோலோவுக்கு லீட். அதோடு சோலோ நேரத்தில் சத்தம் ஒரு படி ஏற வழி இருக்க வேண்டும், பலர் மறப்பது இதைத்தான்.

இது இரண்டு வழியில் கிடைக்கும். ஒன்று, மார்ஷல் டிஎஸ்எல்40சிஆர் மாதிரி இரண்டு சேனல் வால்வு காம்போ. வால்வு என்றால் ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய், காம்போ என்றால் ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். 40 வாட்ஸ், 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, ஒவ்வொரு சேனலிலும் இரண்டு நிலை, மாஸ்டர் வால்யூம் இரண்டு. காலால் மாற்றிக்கொள்ளலாம், சோலோ பிரச்சினை அங்கேயே தீர்ந்தது. இரண்டாவது வழி, ஃபெண்டர் ஹாட் ராட் டீலக்ஸ் மாதிரி நல்ல க்ளீன் உள்ள ஆம்ப், மிச்சத்துக்கு முன்னால் பெடல், அதாவது காலால் அழுத்தி சத்தத்தை மாற்றும் சின்னப் பெட்டி. ஹாட் ராட் டீலக்ஸின் சொந்த டிரைவ் எனக்குப் பிடிக்காது, அதன் க்ளீனில் நல்ல ஓவர்டிரைவ் பெடல் ஒன்றைப் போட்டால் வேறு ஆம்ப் மாதிரி ஆகிவிடும். நானாக இருந்தால் இரண்டாவது வழியில் போவேன். ஆம்ப் மாறினாலும் பெடல்கள் என்னோடு வரும், ஜாமிங் (பேண்ட் ஒத்திகை) ஸ்டூடியோவில் எந்த ஆம்ப் இருந்தாலும் என் சத்தம் பெரும்பாலும் என் பையிலேயே இருக்கும்.

கையில் காசு குறைவென்றால் பாஸ் கட்டானா 100. வால்வு இல்லை, ஆனால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கேள்வி (கெப்போங்): 50 வாட்ஸா 100 வாட்ஸா? 100 என்றால் இரண்டு மடங்கு சத்தம்தானே?

பதில்: இல்லை. வாட்ஸ் இரட்டிப்பானால் மூன்று டெசிபல்தான் ஏறும், காதுக்கு அது "கொஞ்சம் கூடியிருக்கு" என்கிற அளவு. கேட்க இரண்டு மடங்காகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். கூடுதல் வாட்ஸால் வருகிற லாபம், க்ளீன் இன்னும் கொஞ்சம் மேலே வரை உடையாமல் இருப்பதுதான். பேண்டில் 15 வாட்ஸ் வால்வு ஆம்ப் க்ரஞ்சுக்குத் தாராளம், பலமாக அடிக்கிற ட்ரம்மர் பக்கத்தில் க்ளீனுக்குப் போதாது. 30, 40 இருந்தால் நிம்மதி.

கேள்வி (செராஸ்): அண்ணா, நான் இருப்பது கொண்டோவில், பதினான்காவது மாடி. வீட்டுப் பயிற்சிக்கும் மேடைக்கும் ஒரே ஆம்ப் முடியுமா?

பதில்: முடியும் தங்கச்சி. கட்டானாவில் அரை வாட் வரை குறைக்கிற ஸ்விட்ச் உண்டு, ஹெட்போனும் போடலாம். வால்வு ஆம்பை வீட்டில் 20 வாட்ஸுக்கு இறக்கினாலும் செக்யூரிட்டி கார்டு மேலே ஏறி வருவார். ஒன்று மட்டும் ஞாபகம் வையுங்கள்: ஹெட்போனில் அமைத்த சத்தத்தை அப்படியே மேடையில் போட்டால் எனக்குக் கிள்ளானில் நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். மேடைக்கென்று தனியாக ஒன்றை ஜாமிங்கில், பேண்டோடு வாசிக்கும்போது அமைத்து சேமித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): நாங்கள் ஜாமிங் போகிற இடத்தில் ஜேசி-120 இருக்கிறது. என் டிஸ்டார்ஷன் பெடலைப் போட்டால் தகரத்தைச் சுரண்டுவது மாதிரி இருக்கிறது. ஆம்ப் பழுதா?

பதில்: பழுது இல்லை, அதன் குணமே அப்படி. 1975-இல் வந்தது, ட்ரான்சிஸ்டர், 60 வாட்ஸ் இரண்டு பக்கம், நீங்கள் கொடுப்பதை அப்படியே பளிச்சென்று திருப்பிக் கொடுக்கும். வால்வு ஆம்ப் பெடலின் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கும், இது மழுக்காது. ப்ரைட் ஸ்விட்சை அணையுங்கள், ட்ரெபிளை மூன்றுக்கு இறக்குங்கள், மிட்டை ஏற்றுங்கள், பெடலில் டோனைப் பாதிக்குக் கீழே வையுங்கள். ஆம்பிலேயே டிஸ்டார்ஷன் என்று ஒரு குமிழ் இருக்கும், அதைத் தொடாதீர்கள். ஆனால் பினாங்கு டின்னரில் ஒரு பெரியவர் எழுந்து உங்கள் ஊர் ஆலிகேட்ஸ் குழுவின் பாட்டு கேட்டால், இந்த ஆம்பின் க்ளீனும், சத்தத்தை அலை மாதிரி விரிக்கிற கோரஸும் போதும், வேறெதுவும் வேண்டாம்.

கேள்வி (பெட்டாலிங் ஜெயா): தம்பி, என் மகனுக்கு அவன் மாமா அமெரிக்காவிலிருந்து ஒரு வால்வு ஆம்ப் கொண்டு வந்திருக்கிறார். ப்ளக்கை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில்: அண்ணே, தயவுசெய்து சொருகிவிடாதீர்கள். அங்கே 120 வோல்ட், நம் வீட்டில் 230, 240. ப்ளக் மட்டும் மாற்றிப் போட்டால் ஃப்யூஸ் போவதோடு நின்றால் அதிர்ஷ்டம், ட்ரான்ஸ்ஃபார்மரே கருகலாம். பின்பக்கம் பாருங்கள், வோல்டேஜ் மாற்றும் வசதி இருந்தால் அது எழுதியிருக்கும். இல்லையென்றால் ஸ்டெப்-டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதை ஆம்பின் "40 வாட்ஸ்" என்ற பேரைப் பார்த்து வாங்காதீர்கள், அது ஸ்பீக்கருக்குப் போகிற கணக்கு. மின்சாரம் எவ்வளவு இழுக்கும் என்பது பின்பக்கம் தனியாக இருக்கும், அதைப்போல பல மடங்கு வரும். இரும்புக் கட்டி மாதிரி அந்தப் பெட்டியையும் மகன்தான் தூக்க வேண்டும் என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

கேள்வி (ரவாங்): பழைய வால்வு ஆம்ப் ஒன்று பார்த்திருக்கிறேன், நாளைக்குப் போய்ப் பார்க்கிறேன். என்னென்ன சோதிக்க வேண்டும்?

பதில்: உங்கள் கிட்டாரையே எடுத்துப் போங்கள். விற்கிறவரிடம் ஆம்பைச் சூடாக்கி வைக்க வேண்டாம், நான் வந்த பிறகு ஆன் செய்யலாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த ஆம்ப் எப்படி எழுகிறது என்று பார்க்க வேண்டும். அரைமணி நேரமாவது ஓடட்டும், சில கோளாறு சூடேறிய பிறகுதான் தலை காட்டும். குமிழ் ஒவ்வொன்றையும் மெதுவாகத் திருப்புங்கள், கரகரத்தால் தூசிதான், காண்டாக்ட் கிளீனரில் பெரும்பாலும் போய்விடும், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். எதுவும் சொருகாமல் வால்யூமை ஏற்றினால் லேசான இரைச்சல் இயல்பு, தடித்த ஹம் இயல்பில்லை.

அப்புறம் ஒரு மரச் சாப்ஸ்டிக். வாண்டான் மீ கடையில் கொடுப்பார்களே, அதேதான். நான் ஒருமுறை ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் கையை விட்டு அதன் நுனியால் சின்ன வால்வுகளை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டினேன். முதலாவது அமைதி, இரண்டாவது அமைதி, மூன்றாவதைத் தட்டியதும் ஸ்பீக்கரில் கோயில் மணி மாதிரி டிங் என்று ஒலித்தது. அந்த வால்வு போய்விட்டது என்று அர்த்தம். ஒரு வால்வு மாற்றினால் தீர்கிற விஷயம்தான், ஆனால் விற்கிறவரின் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும்! தட்டுவது கண்ணாடியை மட்டும், மரத்தால் மட்டும். பெட்டியைக் கழற்றி உள்ளே கை வைக்காதீர்கள், ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நானூறு வோல்ட்டுக்கு மேல்கூட தங்கியிருக்கலாம்.

ஹெட்டும் (ஆம்ப் மட்டும்) கேபினெட்டும் (ஸ்பீக்கர் பெட்டி) தனித்தனி என்றால் ஓம் (மின்தடை அளவு) கணக்கு பொருந்துகிறதா பாருங்கள், 8 என்றால் 8, 16 என்றால் 16. ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

கேள்வி (சுபாங்): இந்தக் காலத்தில் யார் அண்ணே ஆம்ப் தூக்குகிறார்கள்? மாடலரை (பல ஆம்ப்களின் சத்தத்தை டிஜிட்டலாகத் தரும் கருவி) நேராக மிக்சரில் போட்டால் முடிந்ததே?

பதில்: மானிட்டர் (வாசிப்பவர்களுக்கே கேட்க வைக்கிற ஸ்பீக்கர்) நன்றாக இருக்கிற மேடையில் நீங்கள் சொல்வது சரி, நான் சண்டை போட மாட்டேன். ஆனால் நாம் வாசிக்கிற இடங்களை யோசியுங்கள். தாமான் தீபாவளி நிகழ்ச்சி, இரண்டு ஸ்பீக்கர் ஸ்டாண்டு, பாடகருக்கே மானிட்டர் ஒன்றுதான். அங்கே உங்கள் கிட்டார் உங்களுக்கே கேட்காது. மாடலர் வைத்திருந்தால் கூடவே சொந்தமாக, உள்ளேயே ஆம்ப் உள்ள ஒரு பவர்ட் ஸ்பீக்கர் எடுத்துப் போங்கள். அதைத் தூக்குகிறபோது என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): என்னிடம் இருப்பது மைவி கார். ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஏறுமா?

பதில்: மைவியில் ஏறும், முதுகில்தான் ஏறாது. முப்பது கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. அத்தனை அருமையான க்ளீன் வேறெங்கும் இல்லை, ஆனால் லிஃப்ட் இல்லாத மண்டபம் ஒன்றில் இரண்டு மாடி ஏறிவிட்டு வந்து சொல்லுங்கள்.

கேள்வி (தஞ்சோங் பூங்கா): கடல் பக்கம் வீடு. ஈரக்காற்று ஆம்பைக் கெடுக்குமா?

பதில்: வால்வுக்கு ஒன்றும் ஆகாது. ஜாக், சாக்கெட், குமிழ் இவைதான் பச்சை பிடிக்கும். வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள், அந்தச் சூடே பாதி மருந்து. பிளாஸ்டிக் உறை போட்டு மூடாதீர்கள், துணி உறை போதும்.

கேள்வி (பூச்சோங்): எங்கள் பேண்டில் கிட்டார் இரண்டு பேர். இருவரும் ஒரே மாதிரி ஆம்ப் வாங்கினால் நல்லதா?

பதில்: வேண்டாம். ஒரே ஆம்ப், ஒரே கெயின் (கரகரப்பின் அளவு) என்றால் இரண்டு கிட்டாரும் ஒட்டிக்கொண்டு சேற்றுக் குழம்பாகிவிடும். ஒருவர் ஃபெண்டர் பக்கம், ஒருவர் மார்ஷல் பக்கம். ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் ரிதம் வாசிக்கிறவர் நினைப்பதில் பாதி கெயின் வைக்கட்டும், கோபித்துக்கொள்வார், பதிவு செய்து போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): நான் ட்ரம்மர். எங்கள் கிட்டார்காரர் ஆம்பைத் தரையில் வைத்துவிட்டு "எனக்கே கேட்கலை" என்று ஏற்றிக்கொண்டே போகிறார், முன் வரிசை காதைப் பொத்துகிறது. என்ன சொல்வது?

பதில்: அவர் பொய் சொல்லவில்லை. கிட்டார் ஸ்பீக்கரின் கூர்மையான சத்தம் டார்ச் விளக்கு மாதிரி நேராகத்தான் போகும். தரையில் வைத்தால் அவர் முழங்காலுக்குத்தான் கேட்கிறது, அவர் காதுக்கு வருவது மங்கலான மிச்சம். அதை நம்பி ட்ரெபிளை ஏற்றுகிறார், முன் வரிசை அம்மாக்கள் அதை நேராக வாங்குகிறார்கள். ஆம்பை ஒரு நாற்காலியில் ஏற்றி, முகத்தைப் பார்க்கிற மாதிரி லேசாகப் பின்னுக்குச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், அவரே குறைத்துவிடுவார். அந்த நாற்காலியை சவுண்ட் செக் நேரத்திலேயே எடுத்து வைத்துவிடுங்கள், டின்னர் தொடங்கிய பிறகு மண்டபத்தில் ஒன்றுகூட மிஞ்சாது.