தரங்கம்பாடியில் எழுதாமல் விட்டது

அன்புள்ள ஐயா,

தென்னிந்தியத் திருச்சபை (சி.எஸ்.ஐ.) உருவான கதையைப் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்தேன். பிஷப் உள்ள சபையும் பிஷப்பே வேண்டாம் என்ற சபைகளும் 1947இல் ஒன்றாகச் சேர்ந்தன, அப்படி ஒன்று அதற்குமுன் எங்கும் நடந்ததில்லை என்று பெருமையாக எழுதியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. நாங்கள் சி.எஸ்.ஐ., மாப்பிள்ளை வீட்டார் ஆர்.சி., ரோமன் கத்தோலிக்கர். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே ஆபீஸ், அவர்களாகவே பேசி முடிவு செய்துகொண்டார்கள். சாதியும் ஒன்றுதான் என்பதால் சொந்தக்காரர்கள் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் கல்யாணம் எந்தக் கோயிலில் என்பதில் மூன்று மாதமாக இழுபறி. அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர், பெண் மறுபடி ஞானஸ்நானம் எடுக்கவேண்டும் என்கிறார். அவர்கள் கோயிலில் நடந்தால் வாசலைக்கூட மிதிக்கமாட்டேன் என்கிறார் என் அண்ணன். வருஷா வருஷம் ஜனவரியில் எங்கள் பிஷப்பும் அவர்கள் பிஷப்பும் சேர்ந்து நின்று ஐக்கிய ஜெபம் செய்து போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். எங்கள் டயோசிஸிலோ (ஒரு பிஷப்பின் ஆளுகைப் பகுதி) தேர்தல் வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் முடிவதில்லை. ஒரு சபைக்குள்ளேயே ஒற்றுமையைக் காணோம், இதில் சபைகளுக்கிடையே ஒற்றுமை என்ன வேண்டிக்கிடக்கிறது? குத்தலாகக் கேட்கவில்லை. இந்தப் பேச்சுவார்த்தைகளால் யாருக்கு என்ன லாபம்?

த.
பாளையங்கோட்டை

அன்புள்ள த.,

முதலில் கல்யாண விஷயத்தை முடித்துவிடுவோம். மறுபடி ஞானஸ்நானம் தேவையில்லை. தண்ணீரால், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் கொடுத்த ஞானஸ்நானத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை செல்லும் என்றே ஏற்கிறது. உங்கள் கோயிலில் கொடுப்பது அதுதான். பெண் ஆர்.சி.க்கு மாறியாகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாப்பிள்ளை தன் பங்குத்தந்தை வழியாக ஆயரிடம் அனுமதி வாங்கவேண்டும். பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று அவர் வாக்குக் கொடுக்கவேண்டும். ஒரு காலத்தில் பெண்ணும் அதில் உறுதி கொடுக்கவேண்டியிருந்தது. 1970இல் போப் ஆறாம் பவுல் அதை நீக்கிவிட்டார். இப்போது அவளுக்கு விஷயத்தைத் தெரியப்படுத்தினால் போதும். தக்க காரணம் இருந்தால் கல்யாணத்தை உங்கள் கோயிலிலேயே நடத்தவும் ஆயர் விலக்குத் தரலாம்.

ஆகவே, யாருக்கு லாபம் என்ற கேள்விக்குக் கைமேல் பதில்: உங்கள் மகளுக்கு. 1964 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவ ஒன்றிப்பைப் பற்றி ஓர் ஏடு வெளியிட்டது. மற்ற சபைகளில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் முழுமையாக இல்லாவிட்டாலும் தங்களோடு உண்மையான உறவில் இருப்பவர்கள்தான் என்று அதில் ஒப்புக்கொண்டது. அதுவரை நம்மைப் பார்த்த பார்வை வேறு. உங்கள் சம்பந்தி வீட்டுப் பெரியவர் அந்தப் பழைய காலத்திலேயே நின்றுவிட்டார், அவ்வளவுதான். அவரைத் திட்டாதீர்கள். நம் பக்கத்திலும் ஆர்.சி.க்காரர்களை விக்கிரகம் கும்பிடுகிறவர்கள் என்று சொல்லித்தானே ஞாயிறுபள்ளியில் வளர்த்தார்கள்?

தீராமல் கிடப்பது திருவிருந்து. சி.எஸ்.ஐ.யில் வேறு சபைக்காரர் வந்தாலும் அப்பமும் ரசமும் தருவோம். அவர்களிடம் அப்படி இல்லை. திருப்பலியோடு கல்யாணம் வைத்தால், மாப்பிள்ளை நற்கருணை வாங்கும்போது உங்கள் மகள் பக்கத்தில் சும்மா நிற்கவேண்டி வரும். அதனால் திருப்பலி இல்லாமல் வாசகம், மன்றாட்டு, திருமணச் சடங்கு என்று மட்டும் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கலப்புத் திருமணங்களில் அதுதான் வழக்கமும்கூட. கல்யாண நாளன்று அந்தச் சங்கடமாவது இல்லாமல் இருக்கட்டும்.

சும்மா நிற்பது என்றதும் என் ஆச்சி ஞாபகம் வருகிறது. ஆச்சி நாகர்கோவில் பக்கம், லண்டன் மிஷன் குடும்பம், பிஷப் இல்லாத சபை. தாத்தா திருநெல்வேலி, ஆங்கிலிக்கன், அதாவது பிஷப் உள்ள இங்கிலாந்துத் திருச்சபை. 1930களில் கல்யாணம். அன்றைக்கு உங்கள் சபை எது என்பதை நீங்கள் தீர்மானிக்கவில்லை, உங்கள் ஊர் தீர்மானித்தது. மிஷன்காரர்கள் வரைபடத்தை வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலியில் இங்கிலாந்துத் திருச்சபையின் இரண்டு சங்கங்கள், மதுரையில் அமெரிக்கக் காங்கிரிகேஷனல், ஆற்காட்டில் அமெரிக்க ரிபார்ம்டு, தஞ்சாவூர் தரங்கம்பாடியில் லுத்தரன். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் சபை மாறிவிடும். அந்தப் பக்கத்து ஐயருக்கு (சபைப் போதகரை அப்படித்தான் சொல்வோம்) கைவைத்துப் பட்டம் கொடுக்க பிஷப் கிடையாது, ஆகவே இந்தப் பக்கத்துச் சட்டத்தில் அவர் முழு ஐயர் இல்லை. ஆச்சிக்குத் திடப்படுத்தல் (ஞானஸ்நானத்துக்குப் பிறகு பிஷப் தலையில் கைவைத்துச் செய்யும் சடங்கு) ஆகவில்லை, ஆகவே திருவிருந்துக்கு முன்னால் போகக்கூடாது. மற்றவர்கள் எழுந்து போகும்போது கைப்பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருப்பாளாம். பிஷப்பிடம் திடப்படுத்தல் வாங்கிக்கொள் என்று தாத்தா சொன்னதற்கு ஆச்சி சொன்ன பதில் எங்கள் வீட்டில் இன்றும் ஓடுகிறது: "ஆரல்வாமொழியத் தாண்டுனா ஏசுவும் மாறிருவாரோ?"

இந்தக் கேள்வியைத்தான் 1919 மே மாதம் 33 பேர் தரங்கம்பாடியில் கூடிக் கேட்டார்கள். கொஞ்சம் நாகரிகமான மொழியில். இரண்டு பேர் தவிர மற்ற எல்லாரும் இந்தியர்கள். முன்னால் நின்றவர்களில் ஒருவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளைக்காரர், இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பிஷப். இந்தப் பிரிவினைகளுக்கு நாம் பொறுப்பல்ல, இவை வெளியிலிருந்து நம்மேல் சுமத்தப்பட்டவை, இவற்றை நாம் உண்டாக்கவும் இல்லை, நீடிக்கவிட நமக்கு விருப்பமும் இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றிக்கும் ரோமுக்கும் வந்த தகராறுக்கு வெள்ளாளன்விளையில் ஏன் தண்டம் கட்டவேண்டும்? ஞாயமான கேள்வி.

இதில் ஒரு வேடிக்கை. 1706இல் சீகன்பால்க் வந்திறங்கிய அந்த லுத்தரன் ஊரில் உட்கார்ந்து பேசினார்கள், ஆனால் லுத்தரன்கள் கடைசிவரை சேரவில்லை. அதே வருஷம் ஜனவரியில்தான் அவர்கள் தங்கள் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையை அமைத்திருந்தார்கள். 1947க்குப் பிறகு சி.எஸ்.ஐ.யும் லுத்தரன்களும் வருஷக்கணக்கில் பேசி, கோட்பாட்டில் பெரிய தடை எதுவும் இல்லை என்று எழுதியும் வைத்தார்கள். இன்றுவரை இரண்டு சபைதான். தடை கோட்பாட்டில் இல்லை என்றால் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பிறகு வருகிறேன்.

தரங்கம்பாடியிலிருந்து 1947 வரை 28 வருஷம். அவ்வளவு காலம் எதைப் பேசினார்கள் என்றால், பெரும்பாலும் பிஷப்பைத்தான். அப்போஸ்தலர் காலத்திலிருந்து கைமாறி வரும் பிஷப் பட்டம் இல்லாமல் ஊழியம் செல்லுமா என்பது ஆங்கிலிக்கன்களின் கேள்வி. இத்தனை வருஷம் நாங்கள் கொடுத்த திருவிருந்து என்ன வெறும் அப்பமா என்பது மற்றவர்களின் கேள்வி. இரண்டு பக்கமும் உயிர்போகிற விஷயம். மறுபடி கைவைத்துப் பட்டம் கொடுத்துவிடலாம் என்று ஒருவர் சொன்னால் இன்னொருவர் எழுந்துபோவார்.

கடைசியில் அவர்கள் செய்தது என்ன என்பதைத்தான் போன கட்டுரையில் நான் சரியாகச் சொல்லவில்லை. கேள்விக்குப் பதில் காணாமலேயே சேர்ந்துவிட்டார்கள். அன்றைக்கு ஊழியத்தில் இருக்கிற எல்லாரும் அவரவர் பட்டத்தோடு அப்படியே வரலாம், யாருக்கும் மறுபட்டம் இல்லை. இனிமேல் பட்டம் பெறுகிறவர்களுக்கு மட்டும் பிஷப் கைவைப்பார். ஒரு சபையாரின் மனசாட்சிக்கு ஒவ்வாத ஐயரை அவர்கள்மேல் திணிப்பதில்லை. முப்பது வருஷம் போகட்டும், மிச்சத்தை அப்போது இருக்கிற திருச்சபை பார்த்துக்கொள்ளும். சொத்துத் தகராறில் நம் ஊர்ப் பெரியவர்கள், இப்போதைக்கு எல்லாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுங்கள், பத்திரத்தை அப்புறம் பார்ப்போம் என்று சொல்வார்களே, அந்த மாதிரி. இறையியல் படித்தவர்களுக்கு இது ஆறவில்லை. 1948இல் லண்டன் லாம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் பிஷப்மார்கள் புதிய சபையின் ஊழியத்தை முழுசாக ஏற்கத் தயங்கினார்கள். ஆந்திராவில் நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன்கள் 1947இல் சேராமல் வெளியே நின்றுவிட்டார்கள்.

ஆனால் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரலில் அது நடந்தது. ஏற்கெனவே இருந்த ஐந்து பிஷப்மார்களோடு புதிதாக ஒன்பது பேர். அவர்களில் லெஸ்லி நியூபிகின் ஸ்காட்லாந்துப் பிரஸ்பிட்டேரியன், 37 வயது. பிஷப்பே கூடாது என்று சண்டை போட்ட மரபிலிருந்து வந்தவர், காங்கிரிகேஷனல்காரர்களின் மதுரைக்கு பிஷப்பாகப் போனார். அசரியா அதைப் பார்க்கவில்லை. 1945 ஜனவரி 1 அன்று இறந்துவிட்டார். அந்த மாதமே அவருடைய சபையின் பொதுச் சங்கம் ஐக்கியத்துக்கு ஒப்புதல் வாக்களித்தது.

ஆச்சி அதற்கடுத்த திருவிருந்து ஆராதனையில் எழுந்து முன்னால் போனாள். திடப்படுத்தல் வாங்கவே இல்லை.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். தேர்தல், கோர்ட்டு எல்லாம் நீங்கள் சொல்வது உண்மை, நான் மறுக்கவில்லை. பள்ளிக்கூடமும் நிலமும் ஆஸ்பத்திரியும் இருக்கிற இடத்தில் சண்டை இருக்கும், பிஷப் இருந்தாலும் இல்லாவிட்டாலும். எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது வேறொரு வரி. சாதியும் ஒன்றுதான் என்பதால் சொந்தக்காரர்கள் எதுவும் சொல்லவில்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். தரங்கம்பாடி அறிக்கையும் அப்படித்தான் போயிற்று என்று நினைக்கிறேன்.

நம்மேல் சுமத்தப்பட்ட பிரிவினைகளை அவர்கள் எழுதினார்கள். நாமே உண்டாக்கியதை எழுதவில்லை. அசரியாவுக்குச் சாதி தெரியாதது அல்ல. தெலுங்குப் பகுதியில், தோர்னக்கல்லில், அவர் பிஷப்பாக ஊழியம் செய்தது பெரும்பாலும் மாலா, மாதிகா என்ற தலித் மக்களிடம், சாதியைக் கடுமையாகப் பேசியும் இருக்கிறார். ஆனால் ஐக்கியம் என்று மேசை போட்டபோது அந்தப் பொருள் மேசைக்கு வரவில்லை. வந்திருந்தால் வெள்ளைக்காரனைக் கைகாட்ட முடியாது. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி கூடாது என்று கட்டளை அனுப்பியபோது தஞ்சாவூர்ச் சபைகளில் எவ்வளவு கொந்தளிப்பு! அப்புறம் 1840களில் லைப்ஸிக் லுத்தரன் மிஷன் வந்தது, சாதியைச் சமூக வழக்கம் என்று விட்டுப்பிடித்தது, கோபித்துக்கொண்டவர்களில் ஒரு பகுதி அங்கே போய்ச் சேர்ந்தது. லூத்தரின் கோட்பாட்டைப் படித்துவிட்டா போனார்கள்? ஆர்.சி. பக்கமும் யோக்கியம் இல்லை. பழைய மதுரை மிஷனில் மேல்சாதிக்கு ஒரு சாமியார், மற்றவர்களுக்கு ஒரு சாமியார். கல்லறைத் தோட்டத்துக்குள் குறுக்குச் சுவர் எழுப்பிய ஊர்களும் உண்டு. ஆக, லுத்தரன்களோடு பேச்சு முடிந்தும் சேராததற்குத் தடை எங்கே என்று கேட்டால், ஒரு பங்கு சொத்து, ஒரு பங்கு வெளிநாட்டுப் பணம், ஒரு பங்கு இது என்பது என் ஊகம். ஊகம்தான்.

சி.எஸ்.ஐ. உருவானபின் எழுதிய திருவிருந்து ஆராதனை முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒன்று உண்டு. கேரளத்துச் சுரியானிக்காரர்களிடமிருந்து எடுத்தது. பீடத்திலிருந்து ஐயர் சமாதானத்தைக் கையால் கொண்டுவந்து பெஞ்சின் முனையில் இருப்பவருக்குக் கொடுப்பார். நீங்கள் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அடுத்தவர் கையை வாங்கிச் சமாதானத்தைக் கொடுப்பீர்கள், அவர் தன் அடுத்தவருக்குக் கொடுப்பார். இங்கிலாந்து முறையை அப்படியே எடுத்திருந்தால் இப்படித் தொட்டுக் கொடுக்கும் முறை வந்திருக்குமா, சந்தேகம்தான். சின்ன வயதில் நாங்கள் விடுமுறைக்குப் போகும் கிராமக் கோயிலில் இதைப் பார்த்திருக்கிறேன். ஊர் பேர் வேண்டாம். முன்னால் பெஞ்சு, பின்னால் பாய். சமாதானம் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி வரும். கடைசி பெஞ்சில் நின்றுவிடும். அங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர் பாட்டுப் புஸ்தகத்தைத் திறந்துகொள்வார். பாயில் இருப்பவர்களுக்கு உபதேசியார் பக்கவாசல் வழியாக வந்து தனியாக ஒரு சமாதானத்தைத் தொடங்கிவைப்பார். ஐக்கியமாகி முப்பது வருஷம் ஆகியிருந்தது.

பிஷப்மார்கள் போட்டோ எடுப்பதில் எனக்குக் குறை இல்லை. (நம் பிஷப்பை நாம் பேராயர் என்கிறோம், அவர்களுக்குப் பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். அந்தப் போட்டோவுக்குக் கீழே பெயர் போடுகிறவர் பாடுதான் திண்டாட்டம்.) ரோமும் லுத்தரன்களும் நானூறு வருஷத்துக்கு மேல் சண்டை போட்ட விசுவாசத்தால் நீதிமானாகும் விஷயத்தில் 1999இல் ஆக்ஸ்பர்க்கில் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அது பெரிய காரியம். நான் கேட்பது, பதில் தெரியாமலேயே சேர்ந்து உட்கார்ந்த அந்த 1947இன் தைரியம் பிஷப் விஷயத்தில் வந்தது, கடைசி பெஞ்சுக்கும் பாய்க்கும் நடுவில் ஏன் வரவில்லை என்பதை.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். மாப்பிள்ளை சி.எஸ்.ஐ.யாகவே இருந்து, உங்கள் பாஸ்டரேட்டிலேயே அடுத்த தெருக்காரராக இருந்திருந்தால், எந்தக் கோயிலில் என்ற கேள்வியே வந்திருக்காது. கல்யாணம் வந்திருக்குமா?

மகளின் ஞானஸ்நானச் சான்றிதழை எடுத்துக்கொண்டு, இந்த வாரமே மாப்பிள்ளையின் பங்குத்தந்தையைப் போய்ப் பாருங்கள். அனுமதிக் காகிதம் ஆயர் இல்லத்துக்குப் போய்வர நாளாகும், அதோடு இரண்டு கோயிலிலும் ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கவேண்டும். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலை மிதிக்கமாட்டேன் என்றால், சாமியார் இருக்கிற பங்களா வேறு கோயில் வேறு என்று சொல்லிப் பாருங்கள்.