‘சொற்பொழிவு’ என்பதை எங்கே எழுத வேண்டும்? ‘உரை’, ‘பேச்சு’ போதாதா?

பல இடங்களில் ‘உரை’யே போதும். சொல் + பொழிவு சேர்ந்தது சொற்பொழிவு. மழைபோல் தடையின்றிச் சொல்லைப் பொழிவது. ஆகவே ஒருவரே ஒரு பொருளை எடுத்து, அவைமுன் நீண்ட நேரம் விரித்துப் பேசினால்தான் அந்தப் பெயர் பொருந்தும். அறக்கட்டளைச் சொற்பொழிவு, தொடர் சொற்பொழிவு, ஆன்மிகச் சொற்பொழிவு எல்லாம் அப்படிப்பட்டவை. ஐந்து நிமிட வாழ்த்துக்கு இது மிகை.

விழா மேடையில் ஒவ்வொருவர் பங்குக்கும் தனிப்பெயர் உண்டு: வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரை, சிறப்புரை, நன்றியுரை. விருது பெறுபவர் பேசுவது ஏற்புரை. அழைப்பிதழில் இவற்றையே அச்சிடுங்கள். ‘பேச்சு’ தவறில்லை, ஆனால் வீட்டுப் பேச்சுக்கும் அதே சொல்தான் என்பதால் அழைப்பிதழின் நடைக்கு ஒட்டாது.

‘உரை’யில் ஒரு சிக்கல் இருக்கிறது. நூலுக்கு எழுதும் விளக்கமும் உரைதான். பரிமேலழகர் உரை என்கிறோம் அல்லவா? அதனால் ‘திருக்குறள் உரை’ என்று அறிவித்தால் புத்தகமா, நிகழ்ச்சியா என்று குழப்பம் வரும். அங்கே ‘திருக்குறள் சொற்பொழிவு’ என்பதே தெளிவு.

வினை முக்கியம். ‘சொற்பொழிவு பேசினார்’ ஒட்டாது. ‘சொற்பொழிவு ஆற்றினார்’, ‘நிகழ்த்தினார்’ என்க. ‘உரையாற்றினார்’ என்று எழுத வேண்டிய இடத்தில் சிலர் ‘உரையாடினார்’ என்கிறார்கள். அது இருவரோ பலரோ மாறிமாறிப் பேசுவது, பொருளே மாறிவிடும்.

எழுத்துப்பிழையும் அடிக்கடி கண்ணில் படுகிறது: ‘சொற்ப்பொழிவு’. ற் என்ற மெய்யை அடுத்து இன்னொரு மெய் வராது, ப் வேண்டாம்.