தடைக்காலத்திலும் சர்வர் வாடகையா? – கேள்வி பதில்

மண்டபத்தில் நண்டு, கணவாய் வாங்கி ஏற்றுமதிக்காரர்களுக்கு அனுப்பும் தம்பி: அண்ணே, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. சரக்கு இல்லை என்று, வியாபாரக் கணக்குக்காக அமேசானிடம் இணையம் வழியே வாடகைக்கு எடுத்த கணினியை, அதாவது சர்வரை, நிறுத்திவைத்தேன். அப்படியும் அமேசான் பில் வருகிறதே?

நிறுத்தினால் சர்வர் ஓடும் நேரத்துக்கான காசுதான் நிற்கும், தம்பி. அதோடு ஒட்டியிருக்கும் டிஸ்க்குக்கு வாடகை உண்டு. உள்ளே டேட்டா கிடக்கிறதே. நிலையான ஐபி முகவரி (இணையத்தில் சர்வரைக் கண்டுபிடிக்க உதவும் எண்) வாங்கியிருக்கிறீர்களா? அதற்கும் மணிக்கு 0.005 டாலர். 61 நாளுக்கு 7.32 டாலர், சும்மா கிடக்கிற முகவரிக்கு!

தடை தொடங்கும் முன் டிஸ்க்கை ஸ்னாப்ஷாட், அதாவது அப்படியே ஒரு நகல், எடுங்கள். அதற்கும் வாடகை உண்டு, ஆனால் குறைவு. அதிலிருந்து புது சர்வர் ஒன்றை எழுப்பி, உங்கள் பழைய வியாபார பில்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்தால் மட்டும் மூல டிஸ்க்கை அழித்து, ஐபியையும் விடுங்கள். ஜூனில் ஸ்னாப்ஷாட்டிலிருந்து சர்வரை எழுப்பும்போது புது ஐபி கிடைக்கும்; டொமைன் பெயரை (எண்ணுக்குப் பதில் நாம் தட்டும் இணையப் பெயரை) அதற்குத் திருப்பிவிட்டால் போதும். சோதிக்காமல் அழித்துவிட்டு என்னிடம் வராதீர்கள்.

ராமேஸ்வரத்தில் விடுதி நடத்தும் அக்கா: ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு முன் முன்பதிவுத் தளம் திணறுகிறது. கூட்டத்துக்கு ஏற்ப சர்வர் தானாகக் கூடுமாமே?

கூடும். ஆனால் முன்பதிவுக் கணக்கு அதே சர்வருக்குள் இருந்தால் கூட்டிப் பயனில்லை. ஒரே அறையை இரண்டு பேருக்குக் கொடுத்துவிடும். அந்தக் கணக்கு இருக்கும் டேட்டாபேஸைத் தனியே பிரித்த பிறகுதான் அந்தப் பேச்சே. உங்கள் தளத்தைப் பார்த்தேன் அக்கா, அறைப் படம் ஒவ்வொன்றும் 6 எம்பி! முதலில் அதைச் சுருக்குங்கள். 20 அறை விடுதிக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

கீழக்கரையில் மொத்த வியாபாரம் செய்யும் காக்கா: நம் கணக்கு எந்த ஊரில் இருக்கும்? துபாயில் இருக்கும் மகனும் பார்க்க வேண்டும்.

நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஊரில், காக்கா. அமேசானுக்கு 2016 முதல் மும்பையிலும் 2022 முதல் ஹைதராபாத்திலும் சர்வர் மையங்கள் உண்டு. மைக்ரோசாஃப்டுக்குப் புனே, மும்பை, சென்னை. மும்பையில் வைத்தால் ஹைதராபாத்துக்குத் தானாக நகல் போகும் என்று நம்பிவிடாதீர்கள். அதை நாம்தான் கேட்டு அமைக்க வேண்டும். மகன் துபாயிலிருந்து பார்க்கத் தடையில்லை. அவருக்குத் தனி லாகின் கொடுங்கள், இரட்டைச் சரிபார்ப்போடு (பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சோதனையும் கேட்கும் முறை). உங்கள் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம்.

தொண்டியில் ஐஸ் பிளான்ட் வைத்திருப்பவர்: புயலென்றால் நெட் போய்விடும். அப்போது கிளவுடை, அதாவது இணையம் வழியே வரும் இந்த வாடகை சர்வரை, வைத்து என்ன செய்வது?

ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் ஐஸ் பார் பில்லைக் கடைக் கணினியிலேயே போட்டு, நெட் வந்ததும் மேலே ஏற்றிக்கொள்ளும் மென்பொருளாகப் பாருங்கள். கணினியில் மட்டும் வைப்பதும் ஆபத்து. உப்புக்காற்றில் என் பழைய கணினியின் போர்டு பச்சை பூத்துச் செத்தது. இரண்டு வருடக் கணக்கை நோட்டிலிருந்து திரும்ப அடித்தேன்.

பாம்பன் தம்பி: ஒரே கடை, ஒரே கணினி. எனக்கும் சர்வர் வேண்டுமா?

வேண்டாம் தம்பி. மாதச் சந்தாவில் கிடைக்கும் பில்லிங் மென்பொருள் போதும். சேருமுன், கணக்கு முழுவதையும் எக்செல்லாக இறக்க முடியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.