நொண்டித் துள்ளும் டெர்ரியரை இணை சேர்க்கலாமா?

கேள்வி: ஐயா, தானியக் கிடங்கில் எலித் தொல்லை தாங்காமல் ஜாக் ரஸ்ஸல் டெர்ரியர் பெட்டை நாய்கள் இரண்டு வளர்க்கிறேன். இரண்டும் வேறு வேறு இடத்தில் வாங்கியவை. மூத்ததற்கு 3 வயது. போன ஈற்றில் 4 குட்டி போட்டது. மூன்று நாளுக்குள் 2 குட்டிகள் இறந்துவிட்டன. இளையதற்கு 14 மாதம். ஓடும்போது திடீரென்று ஒரு பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நாலைந்து எட்டு துள்ளும், அப்புறம் தானாகச் சரியாகிவிடும். வலி இருப்பதாகத் தெரியவில்லை. இப்போது அது பருவத்துக்கு வந்திருக்கிறது. அதோடு ஒரே ஈற்றில் பிறந்த கடுவன் பக்கத்துத் தோட்டத்தில் இருக்கிறது. இரண்டுமே எலி பிடிப்பதில் கெட்டி. இவற்றையே சேர்த்தால் அந்தக் குணம் குட்டிகளுக்கு அப்படியே இறங்கும் என்கிறார்கள். சேர்க்கலாமா? மூத்ததன் அடுத்த ஈற்றுக் குட்டிகளைக் காப்பாற்ற என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்தக் கடுவனோடு எப்போதுமே சேர்க்க வேண்டாம். வேறு கடுவனோடு சேர்ப்பதாக இருந்தாலும், இளையதன் முட்டியைக் கால்நடை மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் இந்தத் துள்ளலை "டெர்ரியர் என்றாலே அப்படித்தான் ஓடும்" என்று விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். பார்க்க அழகாக வேறு இருக்கும், அதனால் யாரும் சந்தேகப்படுவதில்லை.

பின்னங்கால் முட்டியின் முன்பக்கம் சின்னதாக ஒரு எலும்பு இருக்கிறது. அதுதான் முட்டிச் சில்லு. தொடை எலும்பின் அடிமுனையில் உள்ள பள்ளத்தில், கிணற்றுக் கப்பியில் கயிறு ஓடுவதுபோல, அது மேலும் கீழும் ஓடும். பள்ளம் ஆழமில்லாமல் இருந்தாலோ கால் எலும்பு லேசாகத் திருகியிருந்தாலோ சில்லு பள்ளத்தை விட்டு நழுவிவிடும். சிறிய நாய்களில் பெரும்பாலும் உட்பக்கமாகத்தான் நழுவும். நழுவியதும் முட்டியைச் சரியாக நீட்ட முடியாது, அதனால் காலைத் தூக்கிக்கொள்கிறது. அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்: காலை மறுபடி ஊன்றுவதற்கு முன் பின்பக்கமாக ஒரு உதறு உதறினால், சில்லைப் பள்ளத்துக்குள் திருப்பித் தள்ளத்தான் அப்படிச் செய்கிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் எனக்கு இதுதான் என்று படுகிறது.

மருத்துவர் இதை நான்கு படிகளாகப் பிரித்துச் சொல்வார். கையால் தள்ளினால் நழுவி, விட்டதும் தானே திரும்பிவிட்டால் முதல் படி. நாய் நடக்கும்போதே அவ்வப்போது நழுவித் திரும்புவது இரண்டாம் படி. பெரும்பாலும் வெளியிலேயே இருந்து, கையால் தள்ளினால் மட்டும் உள்ளே போவது மூன்றாம் படி. தள்ளினாலும் போகாது என்றால் நான்காம் படி. உங்கள் நாய் முதல் இரண்டில் ஒன்றாக இருக்கலாம். அந்த நிலையில் பல நாய்கள் அறுவை இல்லாமலே நன்றாக வாழ்கின்றன. ஆனால் சில்லு நழுவி நழுவிக் குருத்தெலும்பு தேயும். முட்டிக்குள் இருக்கும் குறுக்குத் தசைநார் பிற்காலத்தில் அறுந்துபோகும் ஆபத்தும் கூடும். அதனால் எடை ஏறவிடக் கூடாது. ஜாக் ரஸ்ஸலுக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு: தோள் உயரத்தில் ஒவ்வொரு 5 சென்டிமீட்டருக்கும் 1 கிலோ. 25 சென்டிமீட்டர் நாய் 5 கிலோ, 30 சென்டிமீட்டர் நாய் 6 கிலோ. உங்களுடையது இதைத் தாண்டியிருந்தால், குறைப்பதுதான் அந்த முட்டிக்கு முதல் வைத்தியம்.

இன்னொரு நோயையும் இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 4 முதல் 11 மாதத்துக்குள், இடுப்பு மூட்டில் தொடை எலும்பின் தலைப்பகுதிக்கு ரத்த ஓட்டம் நின்று எலும்பு சிதைவது சிறிய டெர்ரியர்களிடம் காணப்படும் குறை. அதில் துள்ளல் வந்து வந்து போகாது. நொண்டல் நாளுக்கு நாள் கூடும், அந்தத் தொடை மட்டும் இளைக்கும், காலைப் பின்னால் இழுத்தால் நாய் கத்தும். இரண்டு தொடையையும் ஒரே நேரத்தில் இரு கைகளால் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் சூம்பியிருந்தால் எக்ஸ்ரே எடுக்காமல் இருக்காதீர்கள்.

சரி, கூடப் பிறந்ததோடு சேர்க்கும் விஷயம். முட்டி நழுவல் பரம்பரையாக வருவது. அறுவை செய்து காலைச் சரிப்படுத்தினாலும் ரத்தத்தில் இருப்பது மாறாது. அந்தக் கடுவன் ஒழுங்காக நடந்தாலும், இதே தாய் தகப்பன் கொடுத்த குறையை ஒளித்து வைத்திருக்கலாம். இரண்டையும் சேர்த்தால் ஒளிந்திருப்பதெல்லாம் ஒன்று கூடும். கூடப் பிறந்தவற்றுக்குப் பிறக்கும் குட்டியில், நூற்றுக்கு 25 இடங்களில் தாய்வழி மரபணுவும் தகப்பன்வழி மரபணுவும் ஒரே மூதாதையின் பிரதியாக இருக்க வாய்ப்புண்டு. எலி பிடிக்கும் குணம் இரட்டிப்பாவது மட்டும் சேர்க்கச் சொல்கிறவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. குறையும் அதே கணக்கில்தான் இரட்டிப்பாகும்.

டெர்ரியர்களில் இதற்கு நல்ல உதாரணம் கண் வில்லை இடம்பெயர்வது. கண்ணுக்குள் வில்லையைப் பிடித்திருக்கும் மெல்லிய இழைகள் அறுந்து, வில்லை கழன்று முன்னால் வந்துவிடும். உள்ளே நீர் அடைபட்டு அழுத்தம் ஏறும். ஓரிரு நாளில் பார்வை போய்விடலாம். பெரும்பாலும் 3 முதல் 8 வயதுக்குள் வரும், அதாவது அந்த நாய் இரண்டு மூன்று ஈற்று கண்ட பிறகு. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் குறைபட்ட மரபணு வந்தால்தான் நோய் முழுதாகத் தாக்கும். ஒன்று மட்டும் உள்ள நாய் பெரும்பாலும் ஆரோக்கியமாகவே தெரியும். அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் நான்கு குட்டிக்கு ஒன்று என்ற விகிதத்தில் நோய் வரும். கன்னத்தின் உட்புறம் தடவி எடுக்கும் பஞ்சு மாதிரியிலேயே இந்த மரபணுவைச் சோதித்துவிடலாம். ஜாக் ரஸ்ஸலை இணை சேர்க்க நினைக்கும் யாரும் இதைச் செய்யாமல் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் மூத்ததற்கும் செய்துவிடுங்கள். கண் சிவந்து, நீலம் பாய்ந்தது போல மங்கி, நாய் அந்தக் கண்ணை இடுக்கிக்கொண்டே இருந்தால் காலையில் பார்க்கலாம் என்று படுத்துவிடாதீர்கள்.

வெள்ளை நிறம் அதிகம் உள்ள குட்டிகளில் பிறவிச் செவிடும் உண்டு. கை தட்டிப் பார்ப்பது போதாது. குட்டி தரையின் அதிர்வையும் காற்றின் அசைவையும் உணர்ந்து திரும்பிவிடும். ஒரு காது மட்டும் செவிடென்றால் வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. காதருகே ஒலி எழுப்பி, நரம்பு வழியே போகும் மின் அலையைப் பதிவு செய்யும் சோதனையை 5, 6 வார வயதிலிருந்தே செய்யலாம்.

எலி பிடிக்கும் குணம் போய்விடுமோ என்று பயப்பட வேண்டாம். மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்துதான் டெர்ரியர் என்ற பெயரே வந்தது; வளைக்குள் புகுந்து இரையை விரட்டத்தான் இந்த நாய்களை உருவாக்கினார்கள். இங்கிலாந்தில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் 1819-இல் ஒரு பால்காரரிடம் டிரம்ப் என்ற பெட்டையை வாங்கியதிலிருந்து இந்த வகையின் கதை தொடங்குகிறது. அவரும் பின்னால் வந்தவர்களும் பார்த்தது வேலையை. மார்பைப் பின்பக்கமிருந்து இரு கைகளாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் சந்திக்க வேண்டும், அப்போதுதான் வளைக்குள் நுழையும் என்ற அளவுகோல் இன்றுவரை இருக்கிறது. இருநூறு ஆண்டாக ஊறிய குணம், ரத்த உறவில்லாத நல்ல கடுவனைத் தேடிச் சேர்ப்பதால் கரைந்துவிடாது.

இனி மூத்தது. மூன்று நாளுக்குள் போன குட்டிகளில் பெரும்பகுதி குளிராலும் பால் கிடைக்காமலும் போனவையாகவே இருக்கும். பிறந்த குட்டிக்கு உடலை நடுக்கிச் சூடாக்கிக்கொள்ளத் தெரியாது. முதல் வாரம் குட்டிகள் படுக்கும் பக்கம் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். விளக்கைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் கட்டுங்கள். தாய் ஒதுங்க மறுபக்கம் குளிர்ந்திருக்கட்டும். குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால் குளிர்கிறது. விலகி விலகிக் கிடந்து கத்தினால் சூடு அதிகம்.

ஒரு முறை நடு இரவில் ஒரு வீட்டில் என் கையில் கொடுத்த டெர்ரியர் குட்டி, முந்தைய நாள் 160 கிராம் இருந்தது, அன்று 138. சுண்டு விரல் நுனியை அதன் வாய்க்குள் வைத்தேன். ஈரத் துணியைத் தொட்டதுபோல ஜில்லென்று இருந்தது, சப்பவே இல்லை. வீட்டுக்காரர் பால் புட்டியோடு தயாராக நின்றார். வேண்டாம் என்று தடுத்தேன். குளிர்ந்த குட்டியின் குடல் வேலை செய்யாது. ஊட்டும் பால் வயிற்றிலேயே கெடும், இல்லையென்றால் நுரையீரலுக்குப் போகும். சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்து, ஈறில் ஒரு துளி தேன் தடவி, இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். விரலைச் சப்பத் தொடங்கிய பிறகுதான் தாயிடம் விட்டோம். அந்தக் குட்டி பிழைத்தது. நீங்களும் அவசரத்தில் செய்யக்கூடிய முதல் தப்பு சில்லிட்ட குட்டிக்குப் பால் புகட்டுவதுதான்.

அதனால் ஒரு சமையலறைத் தராசு வாங்கி வையுங்கள். தினம் இரு வேளை எடை போட்டு எழுதுங்கள். முதல் நாள் கொஞ்சம் குறையலாம். அப்புறம் நாள்தோறும் 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும். 7 முதல் 10 நாளில் பிறந்த எடை இரட்டிப்பாகும். எடை ஏறாமல் ஒரு நாள் நின்றாலே கவனியுங்கள், கண்ணுக்குத் தெரியும் முன் தராசுக்குத் தெரிந்துவிடும். சீம்பாலை முதல் 12 மணி நேரத்துக்குள் ஒவ்வொன்றும் குடித்ததா என்று பார்ப்பது உங்கள் பொறுப்பு. புட்டிப்பால் கொடுக்க நேர்ந்தால் நாய்க்குட்டிக்கென்று விற்கும் பால் மாவையே கரையுங்கள். பசும்பாலில் கொழுப்பும் புரதமும் குட்டிக்குப் போதாது. குட்டியை மல்லாத்தாமல் குப்புற வைத்தே ஊட்டுங்கள்.

சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். 55 நாளுக்குப் பிறகு ஒரு எக்ஸ்ரே எடுத்தால் எத்தனை குட்டி என்று எண்ணிவிடலாம். கடைசிக் குட்டி வெளியே வந்துவிட்டதா என்ற குழப்பம் இருக்காது. தாயின் உடல் சூடு 37.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும். அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வரவில்லை, ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி, முதல் குட்டிக்கு முன்பே கரும்பச்சை நீர் வடிகிறது: இவற்றில் எது நடந்தாலும் உடனே வண்டியில் ஏற்றுங்கள். குட்டி வந்த பிறகு அதே பச்சை நீர் வருவது இயல்பு.

மாடு வளர்த்திருந்தால் பால் காய்ச்சல் தெரிந்திருக்கும். கன்று ஈன்றதும் சுண்ணாம்புச் சத்து குறைந்து மாடு சில்லிட்டுப் படுத்துவிடும். சிறிய நாய்களுக்கும் அதே குறைவு வரும், ஆனால் கோலம் நேர்மாறு. ஈன்று 1 முதல் 4 வாரத்துக்குள், பால் அதிகம் சுரக்கும் நேரத்தில், நாய் நிலைகொள்ளாமல் மூச்சிரைக்கும், கால் விறைக்கும், நடுங்கும், உடல் கொதிக்கும். குட்டிகளைப் பிரித்துவிட்டு நேராக மருத்துவரிடம் போங்கள். நரம்பில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினால் கண் முன்னாலேயே தேறும். இதைத் தடுக்கிறேன் என்று சினையில் கால்சியம் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். எலும்பிலிருந்து சத்தை எடுத்துக் கொடுக்கும் சுரப்பி சோம்பிவிடும், நோய் இன்னும் சுலபமாக வரும். ஈனுவதற்கு முன் பால் கறக்காத வற்றுக்காலத்தில் மாட்டுக்குக் கால்சியத்தைக் குறைத்துக் கொடுப்பதும் இதற்காகத்தான்.

குடற்புழு மருந்து 2 வாரத்திலிருந்து 8 வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தாய்க்கும் சேர்த்துக் கொடுங்கள். கருப்பையிலும் பாலிலும் புழு இறங்குவதால் பிறக்கும்போதே குட்டியிடம் இருக்கும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் எலி விஷயத்தையும் சொல்லியே ஆக வேண்டும். எலி பிடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் வரும். எலியின் சிறுநீரில் இருக்கும் கிருமி நாயின் சிறுநீரகத்தையும் ஈரலையும் கெடுக்கும், உங்களுக்கும் தொற்றும். அதற்கான தடுப்பூசியை ஆண்டுதோறும் போட வேண்டும். நாய் வேலை செய்யும் கிடங்கில் எலி மருந்து வைக்கவே கூடாது. ரத்தம் உறையாமல் செய்யும் வகை மருந்தைத் தின்ற நாய் மூன்று நான்கு நாள் நன்றாகத்தான் இருக்கும், அதற்குப் பிறகே உள்ளே ரத்தம் கசியும். வேறு சில வகைகள் சில மணி நேரத்திலேயே கொல்லும். தின்றது தெரிந்ததும், நாய் துள்ளிக்கொண்டிருந்தாலும், மருந்து உறையோடு மருத்துவரிடம் ஓடுங்கள். முறிவு மருந்து உறையில் உள்ள பெயரைப் பொறுத்தே அமையும்.

இப்போதைக்கு, இளையதை மூன்று வாரம் முழுதும் உள்ளே கட்டி வையுங்கள், வெளியே கயிற்றில் மட்டும். ரத்தம் நின்றுவிட்டது என்று அவிழ்த்துவிடாதீர்கள், கரு தங்கும் நாட்கள் பல நாய்களில் அதற்குப் பிறகுதான் தொடங்கும். வேலி எவ்வளவு உயரம் என்று அந்தக் கடுவன் பார்க்காது, அடியில் தோண்டி வந்துவிடும். பக்கத்துத் தோட்டக்காரரிடமும் சொல்லிக் கட்டிவைக்கச் சொல்லுங்கள். முட்டிக் குறை உறுதியானால் கருத்தடை செய்துவிடலாம், ஆனால் பருவம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து. அதுவரை, குறிப்பாக முதல் இரண்டு மாதம், தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, சோர்ந்து கிடக்கிறதா, பின்பக்கம் சீழ் வடிகிறதா என்று பாருங்கள், கருப்பையில் சீழ் பிடிக்கும் காலம் அது. பருவம் தொடங்கிய தேதியை இன்றே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அறுவைக்கு நாள் குறிக்கும்போது மருத்துவர் முதலில் அதைத்தான் கேட்பார்.