அம்பு எய்யும் ஃபைபர்கிளாஸ் வில் ஒன்றை வீட்டிலேயே செய்ய முடியுமா?

முடியும். ஆனால் வில்லைவிட அதன் அடுக்குகளை வைத்து ஒட்டும் அச்சுக்குத்தான் அதிக நேரம் போகும். அச்சு கோணினால் வில்லும் கோணும். நடுவில் மெல்லிய மரத்தகடுகள், முன்னும் பின்னும் ஃபைபர்கிளாஸ் பட்டை, இடையில் எப்பாக்சி பசை. நாணை இழுக்கும்போது இலக்கைப் பார்க்கும் பக்கம் இழுபடும், உங்களைப் பார்க்கும் பக்கம் அமுங்கும். இரண்டையும் பெருமளவு தாங்குவது ஃபைபர்கிளாஸ்தான். தடிமன் 10 சதவீதம் கூடினாலே விறைப்பு மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடும். பலருக்கு முதல் வில் இழுக்கவே முடியாமல் போவது இதனால்தான்.

அடுக்குகளை அச்சோடு இறுக்கும் கிளாம்பை வெறிகொண்டு முறுக்காதீர்கள், பசையெல்லாம் பிதுங்கி வெளியேறிவிடும். ஓரம் நெடுக மணிமணியாகக் கசிந்தால் சரி. அப்புறம், தேய்க்கும்போது முகமூடி கட்டாயம்; அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. நாணேற்றியதும் முழுசாக இழுக்கக் கை துறுதுறுக்கும். கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே மாதிரி வளைகிறதா என்று பாருங்கள்.